உள்தாழ்ப்பாள்

வாங்க தம்பி, வாங்க அம்மணி. செருப்பை அந்த ஓரமா விடுங்க. இல்லீங்க, அந்த ஓரமில்லை, இந்த ஓரம். அது எங்கூட்டு ஓரம். எதிர் ஊடுதான் நாங்க. 3ஏ நாங்க இருக்கறது, 3பி வாடகைக்கு விடறது, ரெண்டும் எங்களுதே. ரெண்டு கதவுக்கும் நடுவுல நாலே எட்டு. நீங்க உள்ள தும்முனா நான் அங்கிருந்தே நூறாயுசுன்னு சொல்லிருவேன். அப்படியொரு வசதி கோயமுத்தூர்ல வேற எந்த அபார்ட்மென்ட்லயும் உங்களுக்குக் கெடைக்காது.

கதவு தேக்குங்க. தட்டிப் பாருங்க, சத்தத்துலயே தெரியும். உள்பக்கம் பித்தளையில ஒரு தாழ்ப்பாள் தொங்குது பாருங்க, அதை மட்டும் பாக்காதீங்க. அது நான் போட்டதில்லை. முன்னாடி இருந்தவங்க போட்டது. நல்ல தேக்குல நாலு ஓட்டை. நீங்க குடி வர்றதுக்குள்ள ஆசாரியைக் கூப்பிட்டுக் கழட்டிச் சுத்தமா அடைச்சுத் தர்றேன். அதுக்கு நான் பொறுப்பு.

முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்கன்னு நீங்க வாயைத் திறந்து கேக்கல. ஆனா கீழ செக்ரட்டரி ஏதாச்சும் சொல்லியிருப்பாரு. யாரைப் பத்தியாச்சும் நாலு வார்த்தை சொல்லாட்டி அந்த மனுசனுக்கு மத்தியானச் சோறு செரிக்காதுங்க. அதனால நானே சொல்லிர்றேன். பதினோரு மாசத்துக்கு அக்ரிமென்ட்டுப் போட்டுட்டு ஏழாம் மாசம் ஓடிட்டாங்க. அதுவும் எப்போ? ஆடியில! ஆடி மாசத்துல யாராச்சும் ஊடு மாத்துவாங்களா, நீங்களே சொல்லுங்க. சாமான் ஏத்த வந்த லாரிக்காரனே, "ஏனுங்கம்மா, தீ கீ புடிச்சிருச்சுங்களா?"ன்னு எங்கிட்டக் கேட்டான். ஆடியில அவனுக்குச் சவாரியே இருக்காது பாருங்க, அவனுக்கே சந்தேகம்.

உக்காருங்க. சோபா இல்லை, இந்த ஜன்னல் மேடையில உக்காருங்க. கிரானைட்டு, குளுகுளுன்னு இருக்கும்.

எழிலன்னு பையன் பேரு. பொண்ணு வான்மதி. மன்னார்குடிப் பக்கம். ரெண்டும் கம்ப்யூட்டர் வேலை. தை மாசம் பால் காய்ச்சிக் குடி வந்தாங்க. பால் நான்தான் காய்ச்சுனேன். அந்தப் பொண்ணு பாத்திரத்தை அடுப்புல வெச்சுட்டு எந்தப் பக்கம் பொங்குதுன்னுகூடப் பாக்காம போட்டோ எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான்தான் நகத்திட்டு, "தள்ளு கண்ணு"ன்னு சொல்லிக் காய்ச்சிக் குடுத்தேன். அன்னைக்கு அவங்க முகத்துல வந்த சந்தோசம் இருக்குதே, வாய் அடைச்சுப் போயிட்டாங்க.

அன்னைக்கே தெளிவாச் சொன்னேன். பாருங்க கண்ணுகளா, நடுவுல காலி பண்றேன்னு வந்து நிக்கக்கூடாது. ரெண்டே காரணத்துக்குத்தான் நான் உடுவேன். ஒண்ணு உத்தியோக மாத்தல், இன்னொண்ணு பிரசவம். இந்த ரெண்டுக்கும் குறுக்க நிக்கற பாவம் எனக்கு வேண்டாம். மத்தபடி பதினோரு மாசம்னா பதினோரு மாசம். அவங்களும் தலையை ஆட்டுனாங்க. தலையை ஆட்டறதுக்கு என்னங்க, காசா பணமா.

ஒரு சாவி எங்கிட்ட இருந்துச்சு. பயப்படாதீங்க, பாதுகாப்புக்குத்தான். கேஸை அணைக்காம போயிட்டா? குழாயைத் திறந்து உட்டுட்டுப் போயிட்டா? அதுக்குத்தான். அவங்க ஆபீஸ் போனப்பறம் காலையில ஒருக்கா வருவேன். பூஜை அலமாரியில ஒரு வெளக்கு ஏத்துவேன். வெளக்கில்லாத ஊடு நல்லாவா இருக்கும்? அந்தப் பொண்ணுக்கு அதெல்லாம் எங்க நேரம். வெளக்கு ஏத்துன கையோட ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். மூணு நாள் குழம்பு இருக்குமுங்க! கொட்டிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டு, எங்கூட்டு ரசம் கொஞ்சம் கொண்டாந்து வெச்சுருவேன். மாவு டப்பாவுல தேதி எழுதி ஒட்டி வெச்சேன். மடிக்காத துணி கெடந்தா மடிச்சு வெச்சேன். பெத்தவகூடப் பண்ணமாட்டா. அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லோணுமே? எழிலன் என்ன கேட்டான் தெரியுங்களா? "அம்மா, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வர முடியுமா?"ன்னு கேட்டான். நாலு எட்டு வெக்கறதுக்கு நான் போன் பண்ணோணுமாம். எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிச்சேன். அவரு சிரிக்கல. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மிஷின் வெச்சிருக்கறாரு. நான் பேச ஆரம்பிச்சா பேட்டரி வீணாகுதுன்னு கழட்டிருவாரு. சிக்கனமான மனுசன்.

என்ன தம்பி, ரூமைப் பாக்கறீங்களா? போய்ப் பாருங்க, பாருங்க. அம்மணி, நீங்க இருங்க. அவரு பார்த்தாப் போதும்.

வைகாசி ஆரம்பத்துல எழிலன் வந்து நின்னான். பெங்களூருக்கு மாத்தல் ஆயிருச்சாம், ஊட்டைக் காலி பண்ணோணுமாம். முகமெல்லாம் வாடிப்போயிருந்துச்சு. எனக்கு மனசு கேக்கலீங்க. எங்கண்ணன் மருமகன் அதே கம்பெனியில பெரிய பதவியில இருக்கறாரு. "நீ வெசனப்படாத சாமி, ஒரு போன்ல மாத்தலை நிறுத்திப்போடலாம்"னு சொல்லி, அவன் முன்னாடியே போனை எடுத்துட்டேன். அவன் பதறிப்போய், "வேண்டாம்மா, வேண்டாம், நானே பேசிக்கறேன்"னு சொல்லிட்டுப் போனான். அரை மணி நேரத்துல திரும்பி வந்தான். மாத்தல் ரத்தாயிருச்சாம்! பாருங்க, நான் போனை எடுத்ததுக்கே ரத்து. போட்டிருந்தா பதவி உயர்வே குடுத்திருப்பாங்க.

பத்து நாள் கழிச்சு லிஃப்ட்டுக்குள்ள என்னைப் புடிச்சான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அம்மா, வான்மதி முழுகாம இருக்கா. ரெண்டு மாசம். அம்மா வீட்டுக்கு அனுப்பணும், அதனால வீட்டைக் காலி பண்ணிடலாம்னு"ன்னு இழுத்தான்.

எனக்கு அந்த லிஃப்ட்டு மேல போகுதா கீழ போகுதான்னே தெரியலீங்க. ஏன்னு சொல்றேன். அந்தப் பொண்ணோட அலமாரியில அந்துருண்டை போடலாம்னு ஒரு நாள் திறந்தப்ப, துணிக்கு அடியில ஒரு ஆஸ்பத்திரி ஃபைலு. இத்தாத் தண்டி. குழந்தை வேணும்னு பாக்கற ஆஸ்பத்திரி. மூணு வருசச் சீட்டு. ஊசி, மாத்திரை, எல்லாம் தேதி போட்டு. நான் படிக்கல, சும்மா புரட்டுனேன். அப்பிருந்தே மாசாணியம்மனுக்கு வேண்டிக்கிட்டு இருந்தேன். வேண்டுதல் பலிச்சிருச்சுன்னு இவன் வந்து சொன்னா எப்படியிருக்கும்?

ஆனா அவன் சொன்னதுல மூளை வேண்டாமுங்களா? ரெண்டு மாசத்துல யாராச்சும் அம்மா ஊட்டுக்கு அனுப்புவாங்களா? ஏழாம் மாசம் அவங்க பக்கத்துல வளைகாப்பு, எங்க பக்கத்துல கட்டுச்சோறு, அதைப் பண்ணித்தான் அனுப்பறது. அதுவுமில்லாம முழுகாம இருக்கற பொண்ணை வெச்சுக்கிட்டு ஊடு மாத்தவே கூடாதே! வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுங்களே! சொன்னேன். "சாமி, அவ இந்த ஊட்டை உட்டு ஒரு அடி நகரக்கூடாது. ஐப்பசியில ஏழாம் மாசம் வரும். கட்டுச்சோத்தை நானே முன்ன நின்னு பண்ணி அனுப்பறேன்"னு சொன்னேன். பையனுக்கு அப்படியே கண்ணு கலங்கிருச்சு. இந்தக் காலத்துல இப்படியொரு ஓனரம்மாவான்னு நெனைச்சிருப்பான்.

அந்தப் பொண்ணைப் பாக்க உடனே ஓடினேன். அதுக்கு அப்பவெல்லாம் ஊட்டுலயிருந்தே வேலை. கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போனா, காதுல மிஷினை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல மீட்டிங் பேசிக்கிட்டு இருக்குது. போயி நெத்தியில குங்குமம் வெச்சு, "என் கண்ணு, மூணு வருசம் காத்திருந்ததுக்கு அந்தத் தாயே கொடுத்துட்டா"ன்னு கன்னத்தை வழிச்சேன். அது என்னையே பார்த்துச்சு. முகம் வெளுத்துப் போச்சு. புருசன் எங்கிட்டச் சொன்னதை இன்னும் அதுகிட்டவே சொல்லியிருக்கல போல, நான் ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்த விசயம் வேற அதுக்குத் தெரியாது. எனக்கென்ன தோணுச்சு? வெக்கம்னு தோணுச்சு.

அப்பறம் நான் சும்மா இருக்கலாமுங்களா? காலையில மாதுளை. பதினோரு மணிக்கு உளுந்தங்களி. சாயங்காலம் சுண்டல். மாடிப்படி ஏறாத, குனியாத, ஒருக்களிச்சுப் படு. நாலாம் மாடி டீச்சரம்மாவையும் ரெண்டாம் மாடி ஜோதிமணியையும் கூட்டிக்கிட்டு வந்து பார்த்தேன். டீச்சரம்மா வயித்துல கை வெச்சே பார்த்துச்சு. பொண்ணு அழுதுருச்சு. ஜோதிமணி, "மசக்கை"ன்னு சொன்னா. நான், "மசக்கைதான்"னு சொன்னேன். மூணு பேரும் சேர்ந்து சமாதானம் பண்ணுனோம். ஆளுக்கொரு பிரசவக் கதை சொன்னோம். சாயங்காலம் வரைக்கும் ஒரு நிமிசம் அதைத் தனியா உடலீங்க.

அந்த வாரந்தான் இந்தத் தாழ்ப்பாள். சாவியைப் போட்டுத் திருகறேன், கதவு அசையலீங்க. உள்ளிருந்து, "தூங்கறேன்மா, அப்பறம் வாங்க"ன்னு குரல். சரி, தூங்கட்டும்னு எதிர்லயே நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். மூணு மணி நேரம் தூங்குச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, ஓட்டை போட்ட மிஷின் எங்கூட்டுதுதான். எங்கூட்டுக்காரரே எடுத்துக் கொடுத்து, திருகாணி புடிச்சு, மட்டம் பார்த்தும் கொடுத்திருக்கறாரு. கேட்டா, "காது கேக்கல, ஏதோ மிஷின் வேணும்னு சொன்னான், கொடுத்தேன்"ங்கறாரு. மிஷின் வேணும்னது மட்டும் கேட்டிருக்குது பாருங்க.

நாலாம் மாசம் ஆயிருச்சு. ஆடி பொறந்துருச்சு. எனக்கொரு ஆதங்கம். முழுகாம இருக்கற பொண்ணைப் பெத்தவ ஒருக்காவாச்சும் வந்து எட்டிப் பாக்க வேண்டாமா? என்ன தாய் அது? அக்ரிமென்ட்டுக்கு அவங்க கொடுத்த பேப்பர்ல அம்மா நம்பர் இருந்துச்சு. போட்டேன். நல்லாக் கேட்டுட்டேன். "உங்க பொண்ணுக்கு நாலு மாசம். களி கிண்டறதுல இருந்து கால் அமுக்கற வரைக்கும் எவளோ ஒருத்தி நான் பாக்கறேன். உங்களுக்கு மன்னார்குடியில அப்படியென்ன சோலி?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் ஓன்னு ஒரு அழுகை. சந்தோசத்துல அழுவாங்களே, அது. "நாளைக்கே வர்றேங்க, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்ங்க"ன்னு சொன்னாங்க. இதை நான் பெருமைக்குச் சொல்லல.

மறுநாள் மத்தியானம் வந்து இறங்கிட்டாங்க. ஒல்லியான அம்மா. பஸ்ஸுல வந்த களைப்பு ஒரு துளி இல்லை முகத்துல. ஒரு கையில மல்லிகைப் பூப்பந்து, இன்னொரு கையில பெரிய பை. அதிரசம், முறுக்கு, அஞ்சு டஜன் கண்ணாடி வளையல், எல்லாம் கேட்டுக் கேட்டு நான்தான் பார்த்தேன். சொல்லாம கொள்ளாமப் போயி நிக்கலாம்னு நான்தான் யோசனை சொன்னேன். கதவைத் தட்டுனோம். தாழ்ப்பாள் திறக்கற சத்தம். வான்மதி நிக்குது.

அந்த அம்மா அப்படியே பொண்ணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. பொண்ணோட முகம் மட்டும் அவங்க தோள் மேல எனக்குத் தெரியுது. என்னைப் பார்த்துச்சு. அப்பறம் மெதுவா, "இல்லம்மா. அப்படி ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொல்லுச்சு.

அந்த அம்மாவுக்குப் புரியல. "என்னடி இல்ல?"ன்னாங்க.

"வீட்டைக் காலி பண்றதுக்காக அவர் சொன்ன பொய்ம்மா. எனக்கே தெரியாம சொல்லிட்டார். அப்பறம் எப்படி நிறுத்தறதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியல."

அந்த அம்மா கையை எடுத்துட்டாங்க. பையைத் தரையில வெச்சாங்க. அப்பறம் கீழ உக்காந்து, வெளிய தெரிஞ்ச வளையல் டப்பாவை உள்ள தள்ளி, ஜிப்பை இழுத்து மூடுனாங்க. ஒரு வார்த்தை திட்டலீங்க பொண்ணை. என்னையும் திட்டல. அதுதான் எனக்கு என்னமோ பண்ணிருச்சு. எனக்கும் வயிறு எரிஞ்சுதுங்க, நானும் பெத்தவதானே. ஆனா தப்பு யார் மேல? பொய் சொன்னது யாரு? ஊட்டைக் காலி பண்ணோணும்னா, "உங்க ஊடு எனக்குப் புடிக்கல, போறேன்"னு நேரா வந்து சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? உடமாட்டேன்னு சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ரெண்டே நாள். லாரி வந்துருச்சு. அட்வான்ஸைப் பத்திப் பேசக்கூட இல்லை. நான்தான் மறுநாளே பேங்குல போட்டு உட்டேன், அப்படிப்பட்ட ஆளுங்க நாங்க இல்லை. எங்கூட்டுக்காரரு கீழ போயி லாரியில கட்டிலை ஏத்தறதுக்குக் கை கொடுத்தாரு. எழுவத்திரெண்டு வயசு, மூட்டு வலி. அத்தனை சுறுசுறுப்பா அந்த மனுசனை நான் பார்த்ததே இல்லை.

சாவி கொடுக்க வான்மதி வந்துச்சு. நான் கொடுத்தனுப்புன டப்பாவெல்லாம் கழுவி ஒரு பையில போட்டுக் கொண்டாந்துச்சு. எப்பவும் டப்பாவை வெறுமனே திருப்பித் தராதுங்க, ஒரு ஸ்பூன் சக்கரையாச்சும் போட்டுத்தான் தரும். நல்ல பழக்கம். அன்னைக்குப் பதினாலு டப்பா, பதினாலும் காலி. அவசரத்துல மறந்துருச்சு போல. சாவியை என் கையில வெச்சுட்டு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "நீங்க கெட்டவங்க இல்லம்மா. ஆனா இந்த வீட்டுல ஒரு நாள்கூட என்னால தனியா உக்காந்து அழ முடியல"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

நான் அதையே நெனைச்சுக்கிட்டு இருந்தேங்க ஒரு வாரம். தனியா எதுக்குங்க அழோணும்? நாலு எட்டுல நான் இருக்கறப்ப? சொல்லுங்க. எனக்கு விளங்கவே இல்லை.

இந்த ஊட்டை எங்க பையன் சிவகுருவுக்குன்னு வாங்குனோம் அம்மணி. மெல்போர்ன்ல இருக்கறான். வந்தா எதிர்லயே இருப்பான், கதவைத் திறந்தாப் பேரன் பேத்தியைப் பாக்கலாம்னு வாங்குனது. போன வருசம் பதினெட்டு நாள் லீவுல வந்தாங்க. மூணு நாள் இங்க இருந்தாங்க. நாலாம் நாள், மருமகளுக்கு இங்க இருக்கற ஏசி ஒத்துக்கலையாம், ஹோட்டலுக்குப் போயிட்டாங்க. ஹோட்டல்ல மட்டும் விசிறியா வெச்சிருக்கப் போறாங்க? நான் கேக்கல. இப்ப போன்ல, "வித்துப்போடும்மா"ங்கறான். விக்கமாட்டேன். பூட்டிப் போட்டா ராத்திரியில எதிர் ஊட்டுல வெளிச்சமே இல்லீங்க. கதவைத் திறந்தா ஒரு பூட்டு. அதைப் பாக்க முடியலீங்க எனக்கு. வாடகை கூடக் கொஞ்சம் கொறைச்சுக்கலாம். ஆளு இருந்தாப் போதும்.

என்ன தம்பி, ரூமெல்லாம் பார்த்தாச்சா? நல்ல காத்து வருதுங்களா? சரி. உங்க மாதிரி ஆளுங்கதான் வேணும்னு இருந்தேன். அம்மணி முகத்தைப் பார்த்தாலே தெரியுது, பொறுமைசாலி. கல்யாணமாகி எத்தனை வருசம்? விசேசம் ஏதாச்சும்? சரி சரி, வந்தப்பறம் பேசிக்கலாம். அட்வான்ஸு ஆவணியிலயே கொடுத்துருங்க. பால் காய்ச்ச நல்ல நாள் நானே பார்த்து வெச்சிருக்கறேன். பெயிண்ட்டு அடிச்சு, குழாய் மாத்தி, இந்தத் தாழ்ப்பாளையும் கழட்டிக் கொடுத்தர்றேன். வேற ஏதாச்சும் மாத்தோணும்னா இப்பவே சொல்லிருங்க அம்மணி, கூச்சப்படாதீங்க.

என்னது?

தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டுங்களா?